வேலைக்கு நாள் குறிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பல வேலைகள் சேர்ந்த ஒரு பெரும் பணிக்குக் கால அட்டவணை அமைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு, கட்டுமானத் திட்டமிடலில் நெடுங்காலம் பணியாற்றிவரும் பொறியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஆயிரம் சதுர அடியில் தரைத்தள வீடு ஒன்று கட்டவிருக்கிறோம். தை மாதத்தில் புதுமனை புகுவிழா நடத்த ஆசை. ஒப்பந்தக்காரரிடம் அட்டவணை கேட்டதற்கு, "முதல் மாதம் அஸ்திவாரம், இரண்டாம் மாதம் சுவர், மூன்றாம் மாதம் தளம், ஐந்தாம் மாதம் சாவி" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இது போதுமா? போதாது என்றால் நாங்களே எப்படி அமைத்துக்கொள்வது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. அந்தத் தாளில் தேதிகள் மட்டுமே இருக்கின்றன. ஒரு தேதி தவறினால் அதற்குப் பின்னால் வரும் வேலைகளில் எவை தள்ளிப்போகும், எவை தள்ளிப்போகாது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதை முதலில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்பதை அடுத்தபடியாகக் கேட்டறிய வேண்டும். தேதியைக் கடைசியில்தான் போட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் விழா நாளை முதலில் குறித்துவிட்டு, வேலைகளை அதற்குள் திணிக்கப் பார்க்கிறோம். ஆசை நாளை அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடிந்த பிறகு இரண்டையும் ஒப்பிடலாம்.

முதலில் வீட்டைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "சுவர்" என்று ஒரே வரியில் எழுதினால் பயன் இல்லை. நிலை வைத்தல், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம் வரை சுவர், லிண்டலும் சன்ஷேடும், தள மட்டம் வரை மீதிச் சுவர் என்று பிரித்தால்தான் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். ஒரு குழுவினர் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்தில் முடித்துவிட்டுப் போகக்கூடியது ஒரு வேலை என்று அளவு வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு முப்பது நாற்பது வரிகள் வரும். அதற்கு மேல் பிரித்தால் அட்டவணையைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இது தொடங்குவதற்கு முன் எவை முடிந்திருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஏனெனில் வீட்டு வேலையில் தாமதங்கள் பெரும்பாலும் இங்கே விட்டுப்போன ஒரு வரியிலிருந்துதான் பிறக்கின்றன. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன், எலெக்ட்ரீசியன் வந்து மின்விசிறிப் பெட்டிகளையும் ஒயர் செல்லும் பைப்புகளையும் கம்பிகளுக்கிடையே பதிக்க வேண்டும். இது ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த ஒரு நாளில் அவர் வேறு ஊரில் இருந்தால், கலவை இயந்திரமும் இருபது ஆட்களும் காத்து நிற்க வேண்டியதாகும். உட்பூச்சுக்கு முன்பு சுவரில் காடி வெட்டிக் குழாய்கள் பதித்திருக்க வேண்டும். காடி வெட்டுவதற்கு முன்பு சுவிட்ச் போர்டுகளும் தண்ணீர்க் குழாய்களும் எங்கே வரும் என்று வீட்டுக்காரர் முடிவு சொல்லியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் முடிவுகளையும் வேலைகளாகவே எண்ணி அட்டவணையில் சேருங்கள். தரைக்கு டைல்ஸ் என்று முடிவு செய்து கதவுகளைப் பொருத்திய பிறகு கிரானைட்டுக்கு மாறிய ஒரு வீட்டில், கல்லின் கனம் கூடுதலாக இருந்ததால் எல்லாக் கதவுகளையும் கழற்றி அடிப்பகுதியை இழைக்க நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தச்சரும் கொத்தனாரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள், முடிவுதான் தாமதமாக வந்தது.

இனி நாள் கணக்கு. நான் தரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் ஒப்பந்தக்காரரின் ஆள்பலத்துக்கு ஏற்ப இவை மாறும். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி அஸ்திவாரம் முடிக்க 15 நாள், பேஸ்மென்ட் முடிய 15, தள மட்டம் வரை சுவர் 25, சென்ட்ரிங்கும் (தளத்துக்கான பலகை அடைப்பு) கம்பி கட்டுதலும் 10, கான்கிரீட் 1 என்று வைத்தால் 66 நாள் ஆகிறது. பிறகு தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கக் காத்திருக்க வேண்டும். சாதாரண சிமென்ட்டில் போட்ட தளத்துக்கு, அதன் அகலம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும் முட்டுகள் நிற்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லும் அளவு. இப்போது பரவலாக விற்கும் கலப்பு சிமென்ட் மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் 14 நாள் என்றே கணக்கில் கொள்வோம். ஆக 80. அதன் பிறகு காடி வெட்டிக் குழாய் பதித்தல் 8, உட்பூச்சு 15, பூச்சு நீராற்றக் (நீர் விட்டு ஈரமாக வைத்திருக்க) காத்திருப்பு 7, தரை டைல்ஸ் 10, பட்டியும் பெயின்ட்டும் 20, கதவு, விளக்கு, குழாய்முனைகள் பொருத்துதல் 5 என்று சேர்த்தால் மொத்தம் 145 நாள் வருகிறது.

இந்தச் சங்கிலியில் ஒன்று ஒரு நாள் தள்ளிப்போனால் வீடே ஒரு நாள் தள்ளிப்போகும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்லும் பல சங்கிலிகளில் மிக நீளமானது இதுவே. பொறியாளர்கள் இதைக் கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். இதற்கு வெளியே உள்ள வேலைகளுக்குச் சற்று நெகிழ்வு உண்டு. ஜன்னல் கிரில்லை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் முடியும் 55ஆம் நாளில் அளவெடுத்துக் கொடுத்து, பட்டறையில் 20 நாள் பிடித்தால் 75ஆம் நாளில் கிரில் வந்துவிடும். அது தேவைப்படுவதோ உட்பூச்சு தொடங்கும் 88ஆம் நாளில். இடையில் 13 நாள் இருக்கிறது. பட்டறைக்காரர் ஒரு வாரம் தாமதித்தால் நீங்கள் பதற வேண்டியதில்லை, இரண்டு வாரம் தாமதித்தால் பதற வேண்டும். எந்தத் தாமதத்துக்குத் தூக்கத்தை இழக்க வேண்டும், எதற்கு இழக்க வேண்டாம் என்பதை இப்படிப் பிரித்துக் காட்டுவதற்காகவே அட்டவணை போடுகிறோம். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மதில் சுவர் ஆகியவையும் நெகிழ்வுள்ள வேலைகளே. தளத்துக்கு முட்டு நிற்கும் அந்த 14 நாளில் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பாமல் இவற்றில் ஈடுபடுத்தலாம்.

மேலே சொன்ன 145இல் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகும். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். காத்திருக்கும் 21 நாளை நீக்கினால் மீதி 124 நாளும் ஆட்கள் வேலை செய்யும் நாட்கள். வாரத்துக்கு ஆறு என்று வைத்தால் அவையே காலண்டரில் சுமார் 145 நாளை எடுத்துக்கொள்ளும். காத்திருப்பு 21ஐயும் சேர்த்தால் மொத்தம் 166. ஜூன் 10 அன்று வானம் தோண்டத் தொடங்கினால், செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் முட்டுப் பிரித்து, நவம்பர் 23 வாக்கில் வேலை முடியும் என்று கணக்கு சொல்கிறது. தை பிறக்க அதற்குப் பிறகும் ஐம்பது நாளுக்கு மேல் இருக்கிறதே என்று அந்த நாட்களை வேறு எதற்கும் வாக்களித்துவிடாதீர்கள். அவை ஏன் வேண்டும் என்பதை மதுரை வாசகிக்கான பதிலில் விளக்குகிறேன்.

உங்கள் ஊருக்கு ஜூன் தொடக்கத்தை நான் சொல்வதற்குக் காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. டெல்டாவின் களிமண்ணில் தோண்டிய வானத்துக்குள் அப்போது தண்ணீர் நின்றால், இறைப்பதற்கே நாட்கள் போய்விடும். ஆடியில் பூமி பூஜை போட மாட்டோம் என்று காத்திருந்து ஆவணி கடைசியில் தொடங்கும் வீடுகள் சுவர் எழும்பும் நேரத்தில் மழையில் மாட்டிக்கொள்கின்றன. வைகாசி இறுதியிலோ ஆனியிலோ தொடங்கினால் மழை வருவதற்குள் தலைக்கு மேல் தளம் இருக்கும். வெளிப்பூச்சையும் செப்டம்பரிலேயே முடித்துக்கொண்டு, மழை மாதங்களில் உள்வேலைகளைத் தடையின்றி நடத்தலாம். ஆனால் வெளிப்பூச்சும் உட்பூச்சும் ஒரே நேரத்தில் நடக்க இரண்டு கொத்தனார் குழுக்கள் வேண்டும். ஒரே குழுதான் என்றால் அவ்விரண்டு வேலைகளும் தம்முள் தொடர்பில்லாதவையாக இருந்தும், ஆளுக்காக ஒன்றையொன்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பையும் தாளில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: டிப்ளமோ படிக்கிறேன். கான்ட் சார்ட், சி.பி.எம்., பெர்ட் ஆகிய மூன்றும் பாடத்தில் அடுத்தடுத்து வருவதால் குழப்பமாக இருக்கிறது. மூன்றும் ஒரே வேலைக்கான வெவ்வேறு பெயர்களா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை, மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடையாகப் பிறந்தவை. எந்தக் கேள்விக்கு எது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் நீங்கிவிடும்.

எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதை ஒரே பார்வையில் காட்ட, நாட்களைக் கிடையாகவும் வேலைகளைக் கீழ்க்கீழாகவும் வைத்துப் பட்டைகளாக வரைவது கான்ட் சார்ட். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910களில் இதைத் தொழிற்சாலைகளில் பரப்பினார். அவருக்கு முன்பே, 1896இல், போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி இதை ஒத்த "ஹார்மோனோகிராம்" என்ற வரைபடத்தை உருவாக்கியிருந்தார். அவர் எழுதிய மொழிகளை மேற்கு நாடுகளில் படித்தவர்கள் குறைவு என்பதால் பெயர் கான்ட்டுக்குப் போய்விட்டது. சிறிய மொழிகளில் எழுதுவோருக்கு நேரும் இந்த இழப்பு எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

பட்டை வரைபடத்தில் ஒரு குறை உண்டு. இரண்டு பட்டைகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவது முதலாவதற்காகக் காத்திருக்கிறதா, தற்செயலாக அங்கே வந்ததா என்று அது சொல்வதில்லை. இந்தக் குறையை நீக்கத் தோன்றியது சி.பி.எம்., அதாவது கிரிட்டிக்கல் பாத் முறை. 1950களின் பிற்பகுதியில், டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலைகளின் கட்டுமானத்தையும் பராமரிப்பையும் திட்டமிடுவதற்காக, வேலைகளை வலைபோல் இணைத்து மிக நீண்ட பாதையைக் கணினியால் கண்டுபிடிக்கும் முறையை வகுத்தார்கள். தஞ்சாவூர் வாசகிக்கு நான் செய்துகாட்டியது அந்தக் கணக்குதான். நாற்பது வேலைகளுக்குக் கையாலேயே செய்துவிடலாம்.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இதுவரை யாருமே செய்திராத வேலைக்கு என்ன செய்வது? நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்கிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படைக்கு அந்தச் சிக்கல் வந்தபோது, 1958 வாக்கில் பெர்ட் பிறந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக நடந்தால் எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள் என்று மூன்று எண்களைக் கேட்டு, நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுப்பார்கள். டைல்ஸ் வேலைக்கு 8, 10, 18 என்று விடை வந்தால் 8, 40, 18 கூட்டி 66; ஆறால் வகுக்க 11. "பத்து நாள்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கெடுவதற்கான வழிகள் நல்லபடியாக நடப்பதற்கான வழிகளைவிட அதிகம் என்பதை 11 என்ற எண் கணக்கில் கொள்கிறது.

நடைமுறையில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட வேண்டியதில்லை. வலையாகச் சிந்தித்து, ஐயமுள்ள வேலைகளுக்கு மூன்று எண் கேட்டு, முடிவைப் பட்டைகளாக வரைந்து சுவரில் ஒட்டுவதே பெரும்பாலான கட்டுமானத் தளங்களில் நடக்கிறது.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். யாரைக் கேட்டாலும் பத்து நாள் என்கிறார்கள், இருபது நாள் ஆகிறது. நானே ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து நாள் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். அந்த ஐந்து நாளும் சேர்ந்து கரைந்துவிடுகிறதே தவிர வேலை முன்னதாக முடிவதில்லை. என்ன வழி? – வாசகி, மதுரை

பதில்: நீங்கள் கவனித்த இரண்டும் உண்மை, இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு.

மனிதர்கள் தங்கள் வேலைக்கு நாள் சொல்லும்போது குறைத்துச் சொல்வதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் "திட்டமிடல் மயக்கம்" என்னும் பொருள்படும் பெயரிட்டு விளக்கினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள், ஆனது 55.5 நாள். எல்லாம் கெட்டால் எத்தனை நாள் என்று தனியாகக் கேட்டதற்கு அவர்கள் சொன்ன விடைகூட உண்மையான நாட்களைவிடக் குறைவாகவே இருந்தது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1959இல் தொடங்கிய சிட்னி ஒப்பேரா ஹவுஸ் கட்டடம் 1963இல் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது, திறந்தது 1973இல். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட செலவு 10 கோடியைத் தாண்டியது.

இதற்கு மருந்து, வேலையின் உள்ளே புகுந்து ஒவ்வொரு படியாக எண்ணுவதை நிறுத்திவிட்டு, இதைப் போன்ற வேலைகள் முன்பு எத்தனை நாள் பிடித்தன என்று வெளியிலிருந்து பார்ப்பது. உங்கள் அச்சகத்தில் சென்ற ஆண்டு அடித்த இருபது புத்தகங்களுக்கு, கோப்பு கைக்கு வந்த நாளும் பைண்டிங் முடிந்து கட்டு வெளியே போன நாளும் பில் புத்தகத்தில் இருக்கும். அவற்றைக் கழித்து எழுதிப் பாருங்கள். மெய்ப்புத் திருத்தம் வாடிக்கையாளரிடம் எத்தனை நாள் தங்கியது என்பதைத் தனிப் பத்தியில் எழுதினால், தாமதத்தில் ஒரு பெரும்பகுதி உங்கள் இயந்திரத்தருகே நிகழ்வதல்ல என்பதும் தெரியவரலாம். அந்த இருபது எண்களைவிட நம்பத்தக்க மதிப்பீட்டை எந்த நிபுணரும் உங்களுக்குத் தர முடியாது.

கூட்டிப் போட்ட ஐந்து நாள் கரைவதற்குக் காரணம் வேறு. கிடைக்கும் நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்று நார்த்கோட் பார்கின்சன் 1955இல் எழுதியது, அரசு அலுவலகங்களைப் பற்றியது என்றாலும், பைண்டிங் மேசைக்கும் பொருந்தும். பதினைந்து நாள் இருக்கிறது என்று தெரிந்தால் ஆறாம் நாள்தான் தாள் அடுக்கத் தொடங்குவோம்; அதன்பின் இயந்திரம் பழுதானால் உபரி நாள் எதுவும் மிஞ்சியிருக்காது. தப்பித்தவறி ஒருவர் எட்டு நாளில் முடித்தாலும் அடுத்தவர் பதினைந்தாம் நாளுக்குத்தான் தயாராக இருப்பார் என்பதால், மிச்சமான நாள் யாருக்கும் பயன்படாது.

இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1997இல் முன்வைத்த வழி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஒவ்வொரு வேலையிலும் தனித்தனியாகப் பதுக்கிய உபரி நாட்களை எல்லாம் பிடுங்கி, அவற்றில் ஏறத்தாழப் பாதியைச் சங்கிலியின் கடைசியில் ஒரே இருப்பாக வைக்க வேண்டும். ஆறு வேலைகளுக்கு ஐந்து ஐந்தாக 30 நாள் கூட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டுக் கடைசியில் 15 நாள் வையுங்கள். ஆறு வேலைகளும் ஒரே சமயத்தில் கெடுவது அரிது என்பதால் 15 நாள் பொது இருப்பு, சிதறிக் கிடந்த 30 நாளைவிட நன்றாகக் காப்பாற்றும். யாருடைய வேலை தள்ளிப்போனாலும் அந்தப் பொது இருப்பிலிருந்து நாளைக் கழித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். பாதி வேலை முடிவதற்குள் முக்கால் இருப்பு தீர்ந்துவிட்டால், வாடிக்கையாளரிடம் அன்றே பேசிவிட உங்களுக்கு நேரம் கிடைக்கும். தஞ்சாவூர் வாசகியின் ஐம்பது நாளும் இத்தகைய இருப்புதான். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் திரும்பி வரும் நாட்களும், தொடர் மழையில் பட்டி காயாத நாட்களும் அதிலிருந்துதான் கழியும்.

ஒரு நிபந்தனை உண்டு. உபரியைப் பிடுங்கிய பிறகு, குறித்த நாளில் முடிக்காதவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை அவர் உபரியை உங்களுக்குத் தெரியாமல் பதுக்குவார்.

கேள்வி: இதற்கெல்லாம் எந்த மென்பொருள் வாங்கலாம்? – வாசகர், சேலம்

பதில்: வேலைகள் ஐம்பதுக்குள் என்றால் எதையும் வாங்க வேண்டாம், கட்டம் போட்ட பெரிய தாளும் பென்சிலும் அழிப்பானும் போதும், அல்லது கணினியில் எக்செல் போதும். நூறைத் தாண்டினால் கான்ட்ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டும் பிரைமவேராவும் பாலம், மெட்ரோ, மின் நிலையம் போன்ற பெரும் பணிகளுக்கு உரியவை. எதை எடுத்தாலும், ஒவ்வொரு வேலைக்கும் முந்தைய வேலை எது என்பதை நிரப்பாமல் தேதிகளை மட்டும் கையால் தட்டச்சு செய்தால், மென்பொருளால் எந்தப் பயனும் இல்லை. ஒரு தேதி மாறினால் மற்றவை தாமாக நகர மாட்டா.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். மூன்று வாரம் பின்தங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது என்று ஒரு மாதமாகச் சொல்கிறார்கள். மேலும் ஐந்து பேரைத் தருவதாக மேலாளர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? – வாசகர், சென்னை

பதில்: முதலில் அந்தத் தொண்ணூறைக் கேட்பதை நிறுத்துங்கள். சுவர் பாதி எழும்பியிருப்பதைத் தெருவில் போகிறவரும் பார்க்கலாம். நிரல் பாதி எழுதியிருப்பதை எழுதியவரால்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே வேலையை இரண்டு மூன்று நாளில் முடியும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் அல்லது நூறு என்ற இரண்டு மதிப்பை மட்டும் கொடுங்கள். வேறொருவர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நூறு. நாற்பது துண்டுகளில் இருபத்தாறு முடிந்திருந்தால் 65 விழுக்காடு. கேட்கக் கசப்பாக இருந்தாலும் அந்த எண்ணை வைத்து நாள் சொல்லலாம்.

ஆட்களைப் பொறுத்தவரை, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ். 360 மென்பொருள் பணியை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே எச்சரித்தார்: தாமதமான மென்பொருள் பணியில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். ஐந்து பேர் இருந்தால் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 10. பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குக் கற்றுத்தருவதும் வேலை தெரிந்த அந்த ஐவர்தான். அவர்கள்தான் உங்கள் மிக நீண்ட சங்கிலியில் இருக்கிறார்கள்.

எனினும் எல்லா வேலையும் அப்படியல்ல. மதில் சுவருக்கு இன்னொரு கொத்தனார் வந்தால் பாதி நாளில் முடியும். நான்கடிக்கு ஆறடிக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் இடத்தில் இரண்டாவது ஆள் நிற்கவே இடம் இல்லை. உங்கள் சங்கிலியைப் பார்த்து, அதில் உள்ள எந்தத் துண்டையாவது விளக்கிச் சொல்லாமலே பிரித்துக் கொடுக்க முடியுமா என்று தேடுங்கள். சோதனைத் தரவு தயாரித்தல், பயனர் கையேடு எழுதுதல் போன்றவற்றை உங்கள் ஐவரிடமிருந்து விடுவிக்க இருவரைப் பெற்றுக்கொள்ளுங்கள். மற்ற மூவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்த வசதிகளை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளலாம் என்று மேலாளரிடம் பேசுங்கள். மூன்று வாரத்தை மீட்பதற்கு வேலையின் அளவைக் குறைப்பதைவிட உறுதியான வழியை நான் கண்டதில்லை.

கேள்வி: மிகுந்த கவனத்துடன் அட்டவணை போட்டு, வண்ணத்தில் அச்சிட்டு, கட்டுமானத் தளத்தில் ஒட்டினேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை. எங்கே தவறினேன்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அட்டவணையை நீங்கள் தனியாக உட்கார்ந்து போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் உள்ள நாட்கள் மேஸ்திரி சொன்னவை அல்ல என்றால், அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. க்ளென் பல்லார்டு, கிரெக் ஹோவெல் ஆகிய இருவரும் 1990களில் கட்டுமானத் தளங்களை ஆராய்ந்தபோது, அந்த வாரத்தில் முடிப்பதாக ஒப்புக்கொண்ட வேலைகளில் பாதியை ஒட்டியே முடிவதைக் கண்டார்கள். அதற்கு மாற்றாக, வேலையைச் செய்பவரே கடைசித் திட்டத்தை வகுக்கும் முறையை உருவாக்கினார்கள்.

நம் ஊரில் அதைச் சனிக்கிழமையோடு இணைத்துக்கொள்ளலாம். சம்பளம் வாங்க எல்லோரும் கூடும் நாள் அதுதான். பணத்தைக் கொடுத்த பிறகு கால் மணி நேரம் மேஸ்திரி, கம்பிக்காரர், எலெக்ட்ரீசியன், பிளம்பர் ஆகியோரை நிறுத்தி, அடுத்த வாரம் எதை முடிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் ஒன்றைச் சொன்னதும், அதற்கு வேண்டிய ஜல்லியும் எம்-சாண்டும் வந்துவிட்டனவா, முந்தைய குழு இடத்தைக் காலி செய்துவிட்டதா, வரைபடத்தில் ஐயம் ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தடை இருந்தால் அதை நீக்குவது உங்கள் வேலை. நீங்காத தடையுள்ள வேலையை அடுத்த வாரக் கணக்கில் எழுத விடாதீர்கள். முடியாது என்று சொல்லும் உரிமை மேஸ்திரிக்கு இருந்தால்தான் அவர் முடியும் என்று சொல்வதற்கு மதிப்பு உண்டு.

மறு சனிக்கிழமை எண்ணிப் பாருங்கள். பத்து ஒப்புக்கொண்டு ஆறு முடிந்திருந்தால் 60 என்று எழுதி, முடியாத நான்கிற்கும் காரணத்தை ஒரே சொல்லில் குறித்து வையுங்கள்: பொருள், ஆள், முடிவு, மழை. ஆறு வாரம் எழுதினால் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். எனக்கு அறிமுகமான தளங்களில் "முடிவு" என்ற சொல்லே முன்னே நின்றது, அதாவது வீட்டுக்காரரும் பொறியாளரும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

தஞ்சாவூர் வாசகிக்கு நான் சொன்ன ஜூன் மாதத் தொடக்கம் உங்களுக்குப் பொருந்தாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு என்பதால், ஜூனில் தோண்டிய வானத்திலும் உங்களுக்குத் தண்ணீர் நிற்கும். பொங்கல் கழிந்ததும் தொடங்கி, மே மாதத்துக்குள் தளம் போட்டுவிடும்படி வகுத்துக்கொள்ளுங்கள். கோடை வெயிலில் போடும் தளத்துக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும், கலப்பு சிமென்ட் என்றால் 14 நாள். அந்த நாட்களில் தண்ணீர் லாரி வருவதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.